47 முதல் 83 வரை கூட்டச் சொன்னால்: ஐந்து வழிகளில் எது கைகொடுக்கும்?

47, 48, 49 என்று 83 வரை உள்ள எண்களை எல்லாம் கூட்ட வேண்டும். தாளும் அவகாசமும் இருந்தால் பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர்வரிசைச் சூத்திரத்தை எழுதி, இடத்தை நிரப்பி, விடையைக் கண்டுவிடலாம். இரண்டும் இல்லாதபோதுதான் எந்த வழியில் போவது என்ற கேள்வியே எழுகிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 54 வினாடி. கேள்வியைப் படிப்பதும் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவதும் அந்த 54 வினாடிக்குள்தான். கால்குலேட்டருக்கும் அனுமதி கிடையாது.

புழக்கத்தில் ஐந்து வழிகள் இருக்கின்றன. சரியாகச் செய்தால் ஐந்துமே 2405 என்ற ஒரே விடைக்குத்தான் கொண்டுபோய் விடும். ஆனால் ஒன்றில் பெருக்கல் கடினம். ஒன்றில் பாதி விடையை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அடுத்த பாதியைப் போட வேண்டும். ஒன்றில் கால் வழுக்கும் இடம் இன்னொன்றில் இல்லவே இல்லை. ஒரே கணக்கை ஐந்து வழியிலும் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

எந்த வழிக்கும் முன்னால்: எத்தனை எண்கள்?

இந்த வகைக் கணக்கில் தப்பு நடப்பது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, எண்ணிக்கையில். 83 − 47 = 36 என்று கழித்துவிட்டு 36 எண்கள் என்று எழுதிவிடுகிறார்கள். இருப்பது 37. 5ஆம் தேதி முதல் 8ஆம் தேதி வரை விடுப்பு என்றால் 5, 6, 7, 8 என நான்கு நாள். 8 − 5 என்று கழித்தால் மூன்றுதான் வரும். கழித்தல் தருவது எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை. எண்கள் அதைவிட ஒன்று கூடுதல். ஆகவே கழித்து, 1 கூட்ட வேண்டும்.

கேள்வியின் வார்த்தையையும் கவனிக்க வேண்டும். ‘47 முதல் 83 வரை’ என்றால் இரண்டு முனையும் சேர்த்தி, 37 எண்கள். ‘47-க்கும் 83-க்கும் இடையே’ என்றால் இரண்டு முனையும் வெளியே, 35 எண்கள். ‘47-ஐ விடப் பெரிய, 83 வரையிலான’ என்றால் 36. மூன்றுக்கும் விடை வேறு வேறு. அவசரத்தில் படிக்கும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

இணை சேர்ப்பதா, நடு எண்ணைப் பிடிப்பதா?

இணை வழியில் முதலையும் கடைசியையும் கூட்டுகிறோம்: 47 + 83 = 130. இரண்டு பக்கமிருந்தும் ஓர் எண் உள்ளே வந்தால் 48 + 82, அதுவும் 130. ஒரு பக்கம் ஒன்று ஏறும்போது மறுபக்கம் ஒன்று இறங்குவதால் கூட்டுத்தொகை அசைவதில்லை. 37 எண்களில் இப்படிப் பதினெட்டரை இணைகள். 130 × 18½ என்று போட வேண்டும். அந்த அரை தொந்தரவு.

நடு எண் வழியில் 130-ஐ முதலிலேயே பாதியாக்கி 65 என்று வைத்துக்கொள்கிறோம். வரிசையின் நட்டநடுவில் நிற்கும் எண் அது, சராசரியும் அதுவே. 37 எண்களையும் 65 என்றே பாவித்தால் 65 × 37. இதை நேராகப் பெருக்காமல் 65 × 40 = 2600 என்று எடுத்து, கூடுதலாக எடுத்த மூன்று 65-களை, அதாவது 195-ஐக் கழித்தால் 2405.

இரண்டும் தனித்தனி உத்திகள் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். உண்மையில் ஒன்றேதான். முதலும் கடைசியும் கூட்டியதை எண்ணிக்கையால் பெருக்கி, எங்கோ ஓரிடத்தில் பாதியாக்க வேண்டும். அந்த ‘எங்கோ’ எது என்பதில்தான் வித்தியாசம். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் கூட்டுத்தொகையைப் பாதியாக்குங்கள். இரட்டைப்படை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். 38 முதல் 61 வரை என்றால் 24 எண்கள், முனைகளின் கூட்டல் 99. இங்கே நடு எண் 49½ என்று போய் 24-ஆல் பெருக்குவது வீண் வேலை. 99 × 12 என்றால் 1200-இல் 12 போக 1188, கண் மூடித் திறப்பதற்குள் விடை.

இந்த இரண்டு வடிவங்களையும் சேர்த்தே சொன்னவர் ஆரியபட்டர். கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில், கணிதபாதத்தின் 19ஆம் சுலோகம் முதலில் நடு மதிப்பைக் கண்டு அதை எண்ணிக்கையால் பெருக்கச் சொல்கிறது. உடனே ‘அல்லது’ என்று தொடங்கி, முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையில் பாதியால் பெருக்கலாம் என்கிறது. எது வசதியோ அதை எடுத்துக்கொள் என்று அன்றைக்கே விட்டுவிட்டார்.

ஒன்றேயான இந்த வழியை மற்ற மூன்றையும்விட மேலே வைக்க இன்னொரு காரணமும் உண்டு. எண்ணிக்கையில் நடக்கும் அந்தப் பொதுத் தப்பை இதுவே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த எண்களில், முனைகளின் கூட்டலும் எண்ணிக்கையும் ஒருபோதும் ஒரே இனமாக இருக்காது. ஒன்று ஒற்றை என்றால் மற்றது இரட்டை. காரணம் எளிது. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் அவற்றின் கூட்டலும் கழித்தலும் ஒரே இனம்: 83 + 47 = 130, 83 − 47 = 36, இரண்டும் இரட்டை. எண்ணிக்கை என்பது அந்தக் கழித்தலோடு 1 சேர்ந்தது. ஆகவே அது எதிர் இனமாக ஆகியே தீரும். 130 கையில் இருக்கும்போது எண்ணிக்கை 36 என்று வந்தால், இரண்டும் இரட்டையாக இருக்கின்றனவே என்று உடனே உறுத்த வேண்டும். 1 கூட்ட மறந்தவர் ஒவ்வொரு முறையும் இதில் மாட்டிக்கொள்வார். சரிபார்க்க ஒரு வினாடிகூட ஆகாது. இதைப் பழக்கமாக்கிக்கொண்டவர் 65 × 36 = 2340 என்ற தவறான விடையைக் குறிக்க மாட்டார்.

1-லிருந்து கூட்டி, வேண்டாததைக் கழிப்பது

1 முதல் ஓர் எண் வரை கூட்ட, அந்த எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கிப் பாதியாக்கு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதை வைத்தே எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. 1 முதல் 83 வரை: 83 × 42 = 3486. 1 முதல் 46 வரை: 23 × 47 = 1081. கழித்தால் 2405.

விடை சரி, வழி பாரம். இரண்டு ஈரிலக்கப் பெருக்கல், ஒரு நான்கிலக்கக் கழித்தல். 3486-ஐ மனதில் பிடித்துக்கொண்டே 23 × 47 போட வேண்டும். அதற்குள் 3486, 3468 ஆகிவிடும். இதோடு கழிக்கும் இடத்தில் ஒரு பொறி: 46 வரை கழிப்பதற்குப் பதில் 47 வரை கழித்துவிடுவது. அப்போது விடை 2358. சரியான விடையைவிட 47 குறைவு. தொடங்கும் எண்ணே காணாமல் போயிருக்கும். கேள்வித்தாள் அமைப்பவருக்கு இந்தப் பொறி நன்றாகவே தெரியும்.

இந்த வழிக்கு ஏற்ற கணக்குகளும் இருக்கின்றன. தொடக்கம் மிகச் சிறியதாக இருந்தால் இதைவிடச் சுருக்கம் வேறில்லை: 4 முதல் 100 வரை என்றால் 5050-இல் 1, 2, 3-இன் கூட்டலான 6 போனால் 5044. இரண்டு முனைகளும் பத்தின் மடங்குகளை ஒட்டி இருந்து, அந்த மதிப்புகள் மனப்பாடமாகவும் இருந்தால் இன்னும் வசதி. 10 வரை 55, 20 வரை 210, 30 வரை 465, 40 வரை 820, 50 வரை 1275, 100 வரை 5050. இந்த ஆறையும் வாய்ப்பாடுபோல வைத்துக்கொண்டால் போதும். 51 முதல் 100 வரை? 5050 − 1275 = 3775.

முதல் நாள் 1 ரூபாய், இரண்டாம் நாள் 2 ரூபாய் என்று உண்டியலில் போடும் சேமிப்புக் கணக்கும் இந்த வகைதான். 30 நாள் மாதத்தில் 465 ரூபாய், 31 நாள் மாதத்தில் 496. ஆண்டு முழுக்கப் போட்டால் 365 × 183 = 66,795. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிசம்பர் மாதத்துக்கு மட்டும் 10,850 ரூபாய் வேண்டும் என்பதையும் இதே நடு எண் வழி சொல்லிவிடும்: 335 முதல் 365 வரை 31 எண்கள், நடு எண் 350.

100 வரை 5050 என்றதும், பின்னாளில் கணித மேதையான காஸ் சிறுவனாக வகுப்பறையில் நொடியில் விடை சொன்ன கதையை யாராவது சொல்வார்கள். கார்ல் ஃபிரெடரிக் காஸ் இறந்த மறு ஆண்டு, 1856-இல் அவரது நண்பர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அந்தக் கதை இருக்கிறது. ஆனால் 1 முதல் 100 வரை என்ற விவரம் அதில் இல்லை. அது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

பத்துப் பத்தாக வெட்டுவது

பெருக்கலே பிடிக்காதவர்களுக்கான வழி இது. அடுத்தடுத்த பத்து எண்களின் கூடுதல் வேண்டுமா? ஐந்தாவது எண்ணை எடுத்து அதன் பின்னால் ஒரு 5 போடுங்கள். 47 முதல் 56 வரை பத்து எண்களில் ஐந்தாவது 51. கூடுதல் 515.

மந்திரம் ஒன்றும் இல்லை. பத்து எண்களின் சராசரி ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில், அதாவது 51½. பத்தால் பெருக்கினால் 515.

அடுத்த பத்தில் ஒவ்வொரு எண்ணும் 10 கூடுவதால் மொத்தத்தில் 100 கூடும். ஆகவே 57 முதல் 66 வரை 615, 67 முதல் 76 வரை 715. எதையும் கணக்கிட வேண்டியதில்லை, நூறு நூறாக ஏற்றிக்கொண்டே போகலாம். மூன்றும் சேர்ந்து 1845. மிச்சம் 77 முதல் 83 வரை ஏழு எண்கள், நடு எண் 80, கூடுதல் 560. 1845 + 560 = 2405.

ஈரிலக்கப் பெருக்கல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லித் தருவதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சூத்திரத்தை முதலில் திணித்தால் அது மனப்பாடமாக மட்டும் நிற்கும். பத்தை வெட்டிக் காட்டினால் சராசரி என்றால் என்ன என்பதே பிடிபட்டுவிடும்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஐந்தாவது எண் என்பது தொடக்க எண்ணோடு 4 கூட்டியது, 5 அல்ல. 47 + 5 = 52 என்று எடுத்தால் 525 வரும். அதுவும் 5-இல்தான் முடிகிறது என்பதால் கடைசி இலக்கத்தைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு, ஒரு பத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். 47-இல் தொடங்கிய பத்து 56-இல் முடிகிறது, 57-இல் அல்ல. தொடக்க எண்ணின் கடைசி இலக்கம் எதுவோ, எல்லாப் பத்துகளும் அதே இலக்கத்தில்தான் தொடங்க வேண்டும்: 47, 57, 67, 77. இதை மனதில் வைத்தால் போதும். வரிசை நீண்டால் இந்த வழி சலிப்பூட்டும். 40, 50 எண்களுக்கு மேல் போனால் நடு எண் வழிக்குத் திரும்பிவிடுவது நல்லது.

அடியும் படியும்

ஐந்தாவது வழியில் எல்லா எண்ணையும் முதல் எண்ணாகவே வைத்துப் பெருக்கி, மேலே ஏறும் படிகளைத் தனியாகக் கூட்டுகிறோம். 47 × 37 = 1739. அதற்கு மேல் 0, 1, 2 என்று 36 வரை படிகள், அவற்றின் கூடுதல் 666. இரண்டும் சேர்ந்து 2405. நம் கணக்குக்கு இது தோதான வழியல்ல. 47 × 37 யாருக்கும் பிடித்த பெருக்கல் இல்லை.

இது பயன்படுவது கடைசி எண் கொடுக்கப்படாதபோது. ‘3400-இல் தொடங்கும் 6 அடுத்தடுத்த எண்களின் கூடுதல்’ என்றால் 3400 × 6 = 20,400, படிகள் 15, விடை 20,415. கடைசி எண் 3405-ஆ 3406-ஆ என்று யோசிக்கும் வேலையே இல்லை. 5 எண்களுக்குப் படிகள் 10, ஆறுக்கு 15, ஏழுக்கு 21, எட்டுக்கு 28, ஒன்பதுக்கு 36, பத்துக்கு 45. எட்டு எண்கள் என்றதும் 1 முதல் 8 வரை கூட்டி 36 சேர்த்துவிடுவது இங்கே வழக்கமான தப்பு. முதல் எண்ணுக்குப் படி கிடையாது, அதனால் ஏழு படிகள்தான், 28.

ஆனால் தொடக்கம் 1998, எண்கள் 6 என்றால் அடியும் படியும் வேண்டாம். முனைகள் 1998, 2003, கூட்டினால் 4001, மூன்றால் பெருக்கினால் 12,003. தொடக்க எண் 3400 போலப் பூஜ்ஜியங்களில் முடிந்தால் அடியும் படியும். வரிசையின் நடுப்பகுதி 2000 போன்ற எண்ணை ஒட்டி நின்றால் இணை அல்லது நடு எண். கணக்கைத் தொடும் முன் ஒரு நொடி இதைப் பார்ப்பதில் நேரம் வீணாவதில்லை.

விடையிலிருந்து பின்னோக்கிப் போகும் கேள்விகள்

‘ஐந்து அடுத்தடுத்த எண்களின் கூடுதல் 435, சிறிய எண் எது?’ இங்கே போட்டியே இல்லை, நடு எண் வழிதான். 435 ÷ 5 = 87. எண்கள் 85 முதல் 89 வரை. சிறியது 85. சமன்பாடு அமைத்துத் தீர்ப்பவர் பேனாவைத் திறப்பதற்குள் இது முடிந்துவிடும். ஒரே ஆபத்து, 87-ஐயே விடையாகக் குறித்துவிடுவது. எண்ணிக்கை இரட்டை என்றால் வகுத்தலில் அரை வரும்: நான்கு எண்களின் கூடுதல் 238 என்றால் 59½. அந்த அரையை முழுதாக்கிவிடக் கூடாது. அது 59-க்கும் 60-க்கும் நடுவே நிற்கிறது. இருபுறமும் இரண்டிரண்டாக விரித்தால் 58, 59, 60, 61.

இதே உண்மை, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் கணக்குப் போடாமலே சிலவற்றைக் கழித்துவிட உதவும். எண்ணிக்கை ஒற்றை என்றால் கூடுதல் அந்த எண்ணிக்கையால் மிச்சமின்றி வகுபடும். இரட்டை என்றால் ஒருபோதும் வகுபடாது, சரியாகப் பாதி மிஞ்சும். நான்கு அடுத்தடுத்த எண்களின் கூடுதல் 4-ஆல் வகுபடுவதே இல்லை. இருபது எண்களின் கூடுதல் பூஜ்ஜியத்தில் முடியும், அதன் பத்தாம் இலக்கம் ஒற்றையாக இருக்கும்: 1870 இருக்கலாம், 1860 இருக்கவே முடியாது. ஒன்பது எண்கள் என்றால் விடையின் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டு இரண்டாகத் தாண்டும்போது

31 + 33 + 35 + … + 59 போன்ற ஒற்றை எண் வரிசைக்கும், இரட்டை எண் வரிசைக்கும் நடு எண் வழி அப்படியே பொருந்தும். எண்ணிக்கை காண்பது மட்டும் மாறும்: 59 − 31 = 28, அதில் பாதி 14, 1 கூட்டினால் 15. நடு எண் 45. கூடுதல் 675.

இங்கே முன்பு சொன்ன சரிபார்ப்பு பலிக்காது. ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் எப்போதுமே இரட்டைதான் என்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பதில் நடு எண்ணைப் பாருங்கள். ஒற்றை எண் வரிசையில் நடு எண்ணும் எண்ணிக்கையும் ஒரே இனமாக இருக்கும்: 45 ஒற்றை, 15 ஒற்றை. இரட்டை எண் வரிசையில் எதிர் இனமாக இருக்கும்.

1-இல் தொடங்கும் ஒற்றை எண்கள் என்றால் எண்ணிக்கையின் வர்க்கமே விடை. 1 முதல் 99 வரையிலான ஒற்றை எண்கள் 50, கூடுதல் 2500. 99-இன் வர்க்கத்தையோ 49-இன் வர்க்கத்தையோ போடாமல் இருக்க, கடைசி எண்ணோடு 1 கூட்டிப் பாதியாக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். 2 முதல் 100 வரையிலான இரட்டை எண்களுக்கு 50 × 51 = 2550.

கடைசியாக, வழியே தேவைப்படாத ஒரு கேள்வி. 1 முதல் ஓர் எண் வரையிலான கூடுதல் 325 என்று கொடுத்துவிட்டு, அதே எண்களின் கனங்களின் கூடுதலைக் கேட்பார்கள். பலர் முதலில் அந்தக் கடைசி எண்ணைத் தேடிப் போகிறார்கள்: 325-ஐ இரட்டித்து 650, அது 25 × 26, ஆகவே 25. சரிதான், ஆனால் கேள்வி அதைக் கேட்கவில்லை. கனங்களின் கூடுதல் என்பது அந்தக் கூடுதலின் வர்க்கமே. 5-இல் முடியும் எண்ணின் வர்க்கத்துக்கு, 5-க்கு முன் உள்ளதை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிப் பின்னால் 25 போட வேண்டும். 325-இன் வர்க்கம்: 32 × 33 = 1056, பின்னால் 25. விடை 1,05,625.